வகுப்பு வலைப்பூ: நாற்பது பேர் எழுத, நாற்பது பேர் படிக்க

கட்டுரை நோட்டுக்கு ஒரே வாசகர்தான்: தமிழாசிரியர். அவர் சிவப்பு மையில் சுழித்து, மதிப்பெண் போட்டு, தேதியோடு கையெழுத்திட்டுத் திருப்பித் தந்ததும் அந்தக் கட்டுரையின் ஆயுள் முடிந்துவிடும். மாணவரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். வகுப்பறையில் வலைப்பூ வைப்பதன் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரர் படிக்கிறார், கேள்வி கேட்கிறார், எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பதில் சொல்லப்போய் முதலில் எழுதியது போதாது என்று அவருக்கே தெரிகிறது. இந்தச் சுற்று நடக்காத வலைப்பூ, கட்டுரை நோட்டைத் திரையில் ஒட்டிவைத்தது போலத்தான். பழைய பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைகளிலும் வாசகர் இருந்தார்கள். ஆனால் ஒரே பிரதி, சுற்றுக்குப் போய் வர ஒரு மாதம், படித்தவர் சொன்னதை வைத்துத் திருத்தி எழுத வழியே இல்லை.

இங்கே சொல்லப்படுவது 40 மாணவர், 10 கணினி உள்ள ஆய்வகம், வாரத்தில் மூன்று தமிழ் பீரியடை இதற்கு ஒதுக்கும் ஓர் ஒன்பதாம் வகுப்புக்கான ஏற்பாடு. ஆறாம் வகுப்பு முதல் எதற்கும் இது பொருந்தும். பத்திலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு நெருக்கடியில் நடுவிலேயே நின்றுபோகும். அங்கே தொடங்க வேண்டாம்.

முதலில் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான வகுப்பு வலைப்பூக்கள் ஆடியில் தொடங்கி ஆவணியில் அடங்கிவிடுவதற்கு ஆர்வக் குறைவு காரணமில்லை. 40 பேரும் ஒரே வாரத்தில் எழுதினால், ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் ஆசிரியருக்கு 400 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு மணி நேர வேலை. மூன்றாவது வாரம் யாருக்கும் முடியாது.

வகுப்பை எட்டெட்டுப் பேராக ஐந்து குழுவாகப் பிரியுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குழு மட்டும் எழுதும். மீதி 32 பேரும் வாசகர்கள். ஆளுக்கு ஒரு பின்னூட்டம். எட்டு இடுகைக்கு 32 பின்னூட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நான்கு. யார் எதைப் படிப்பது என்பதை ஆசிரியரே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் நன்றாகப் பேசும் இரண்டு பேரின் இடுகையில் பன்னிரண்டு பன்னிரண்டு சேரும். கூச்சமுள்ள பிள்ளையின் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. முதல் முறையே அப்படி நடந்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி மனசு வைத்து எழுதாது.

இந்த முறையில் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஒரு மாணவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு முறை எழுதும் வாய்ப்பு. தேர்வு வாரங்கள் போக ஆண்டுக்கு 25 வாரம் கிடைத்தால் ஆளுக்கு ஐந்து இடுகை. ஐந்து போதும். திருத்தி எழுதிய ஐந்து, அவசரத்தில் எழுதிய இருபதைவிட அதிகம் கற்றுத்தரும்.

கணக்குத் தொடங்குதல்

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கர் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, தமிழில் சிக்கலின்றி இயங்கும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு: 'ஆசிரியர்' (இங்கே எழுத்தாளர் என்று பொருள்) என்ற நிலையில் யாரைச் சேர்த்தாலும் அவர் யாரையும் கேட்காமல் நேரடியாக வெளியிட்டுவிட முடியும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு சேவையில் 'பங்களிப்பாளர்' என்ற நிலை இருக்கிறது. அவர் எழுதி அனுப்பலாம், வெளியிடும் பொத்தான் அவர் கையில் இருக்காது. அதே சமயம் அவரால் படம் ஏற்ற முடியாது, வெளியான பிறகு திருத்தவும் முடியாது. திருத்துவதுதான் நமக்கு முக்கியம் என்பதால் வேறு வழி சிறந்தது: மாணவருக்குக் கணக்கே வேண்டாம். அவர்கள் ஆய்வகக் கணினியில் தட்டி, கோப்பாகச் சேமிக்கட்டும். வெளியிடுவது ஆசிரியர்.

இதனால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. இந்தியாவில் சொந்தமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது நிறைய வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது. வயதை மாற்றிப் போட்டுத் தொடங்கச் சொல்வது ஆசிரியர் செய்யக்கூடாத காரியம்.

உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். வகுப்புக்கெனத் தனி கூகுள் கணக்குத் தொடங்கி, தலைமையாசிரியரையோ இன்னொரு தமிழாசிரியரையோ இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் வலைப்பூ பள்ளியிலேயே இருக்கும்.

பிறகு அமைப்புகள் பக்கத்தில் ஐந்து இடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

1. நேர மண்டலம்: இந்திய நேரம், ஜிஎம்டி +5:30. இதை மாற்றாவிட்டால் காலையில் வெளியிட்டது முந்தைய நாள் தேதியில் தெரியலாம்.
2. தேடுபொறிகளுக்குத் தெரிவது: அணைத்து வையுங்கள். முகவரி தெரிந்தவர் படிக்கலாம். தேடலில் வந்து நிற்காது.
3. வாசகர் அணுகல்: பொது. 'தனிப்பட்டது' என்று வைத்தால் படிப்பதற்கே ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். அம்மாவின் போனில் திறந்து காட்ட முடியாது.
4. பின்னூட்டம் இடுபவர்: எவரும். இதில்தான் கணக்கில்லாத மாணவர் பெயரை மட்டும் கொடுத்து எழுத முடியும். கூடவே மட்டுறுத்தலை 'எப்போதும்' என்று கட்டாயம் வைக்க வேண்டும். நீங்கள் அனுமதிக்காமல் ஒரு வரியும் வெளியே தெரியாது.
5. பின்னூட்டப் பெட்டியின் இடம்: 'முழுப்பக்கம்'. இடுகைக்குக் கீழே பதிந்த பெட்டியாக வைத்தால், குக்கிகளைத் தடுக்கும் உலாவிகளில் அழுத்தியும் ஒன்றும் நடக்காது. 'போட்டேன் சார், காணோம்' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தோற்றத்துக்கு எளிமையான வார்ப்புருவே போதும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகள் நெருக்கமாக இருந்தால் கண் வலிக்கும். எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

பிள்ளைகளின் அடையாளம்

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனவே முதல் வாரமே தமிழில், அரைப் பக்கத்தில், பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன எழுதுவார்கள், யார் படிப்பார்கள், பெயரும் முகமும் வராது, எப்போது கேட்டாலும் எடுத்துவிடுவோம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். கையெழுத்து வராத பிள்ளையை ஒதுக்காதீர்கள். அவர் எழுதுவதை அச்செடுத்து வகுப்புப் பலகையில் ஒட்டுங்கள். பின்னூட்டமும் அங்கேயே சீட்டில் வரட்டும்.

பெயருக்குப் பதில் புனைபெயர். எழுதுகிறவர் புனைபெயர் வைத்துக்கொள்வது தமிழில் பழகிய வழக்கம். பிள்ளைகள் இதில் காட்டும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். எது யாருடையது என்ற பட்டியல் ஆசிரியரின் நோட்டில் மட்டும் இருக்கட்டும், கணினியில் வேண்டாம். முகம், சீருடை பேட்ஜ், வீட்டு வாசல், வண்டி எண் எதுவும் படத்தில் வரக்கூடாது. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்தலாம்: பிள்ளை எடுத்த படம், அல்லது நோட்டில் வரைந்த படம்.

தமிழில் தட்டுவது

ஒரு பீரியட் முழுவதையும் இதற்கே கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகை 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. 2019-க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது. பழைய கணினியில் என்.எச்.எம். ரைட்டர் அல்லது இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பது முதல் நாள் எளிதாகத் தோன்றும். ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எதை அடிப்பது என்று யோசிக்கிற பிள்ளை தமிழை ஆங்கிலம் வழியாக எழுதப் பழகுகிறது. தமிழ்99-இல் உயிர் இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. ந-வை அடுத்துத் த வந்ததும் புள்ளி தானே வரும். எழுத்து எப்படிச் சேர்ந்து உருவாகிறது என்ற இலக்கணம் விரலிலேயே பதிகிறது. இதைவிட நல்ல எழுத்துப் பாடம் கிடையாது.

தவறு எங்கே வரும்? துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பது முதல் தவறு. திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஔ என்ற ஒரே எழுத்தை ஒ, ள என்று இரண்டாக அடிப்பது அடுத்தது. இப்படி அடித்த சொல்லைத் தேடினால் கிடைக்காது. மாணவருக்கு நம்பிக்கை வராவிட்டால் தேடல் பெட்டியில் அடித்துக் காட்டுங்கள், உடனே புரிந்துவிடும். குரல்வழித் தட்டச்சு முதல் வரைவுக்கு வேண்டாம். எழுத்துப் பிழை அதிகம் வராது என்பது உண்மை. பிள்ளைக்கு எழுத்தும் வராது.

பள்ளி அலுவலகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இருந்தால் அதை அப்படியே ஒட்ட முடியாது. வெளியே குறிகளாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். நோட்பேடில் தட்டினால், பழைய விண்டோஸில் சேமிக்கும்போது குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றியாக வேண்டும். மறந்தால் மறுநாள் கோப்பு முழுக்கக் கேள்விக்குறிதான் இருக்கும், மீட்க வழியில்லை. ஒரு பீரியட் உழைப்பு போன பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதில், முதல் நாள் எல்லாருக்கும் ஒரு வரி அடித்துச் சேமித்து, மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புதிதாகத் தட்டுகிறவர் 40 நிமிடத்தில் 100 சொல்லைத் தாண்டுவது கடினம். ஆகவே இடுகையின் அளவு 100 சொல்லுக்குள். நீளமாக எழுதச் சொன்னால் வேகமாகத் தட்டத் தெரிந்த ஒருவர் எட்டுப் பேருக்கும் தட்டிக் கொடுப்பார்.

என்ன எழுதச் சொல்வது

'நீர்நிலைகளைக் காப்போம்' என்று தலைப்புக் கொடுத்தால் வருவது நோட்ஸ். இணையத்திலிருந்து ஒட்டியதோ, செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததோ, எதுவாயினும் எல்லாம் ஒரே குரலில் இருக்கும். பிள்ளை நேரில் போய்ப் பார்த்தால் அல்லது வீட்டில் கேட்டால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்வியாகக் கொடுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை, அவற்றின் பெயர் என்ன? சந்தையில் கத்தரிக்காய் காலை எட்டு மணிக்கு என்ன விலை, பதினொரு மணிக்கு என்ன விலை, ஏன் மாறியது? பாட்டி சொல்லி உங்களுக்குப் புரியாத மூன்று சொல் எவை? உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையில் முன்பு என்ன விற்றார்கள்? இவற்றுக்கு எந்தச் செயலியிடமும் பதில் இல்லை. முதல் வரைவு நோட்டில் கையால் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

ஒரு வாரம் எப்படி நகரும்

திங்களன்று எட்டுப் பேரும் நோட்டில் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைப்பார்கள். புதனன்று தட்டச்சு. வியாழன் மாலை ஆசிரியர் வெளியிடுவார். ஒட்டும்போது வடிவமைப்பை நீக்கி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு இடுகையும் ஒவ்வொரு அளவில் தெரியும். தமிழில் தலைப்பிட்டால் பிளாக்கர் முகவரியில் தமிழைச் சேர்க்காமல் 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும் போட்டுவிடும். பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது. வெளியிடும் முன் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் நீங்களே கொடுங்கள். வெளியான பிறகு மாற்ற வேண்டுமானால் இடுகையை வரைவுக்குத் திருப்ப வேண்டியிருக்கும்.

வெள்ளியன்று பின்னூட்டம். முதலில் சீட்டில் எழுதி, பிறகு பத்துப் பத்துப் பேராகக் கணினிக்குப் போவார்கள். 32 பேர், நான்கு சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். பெயர் கேட்கும் இடத்தில் புனைபெயர்.

பின்னூட்டம் எழுதக் கற்றுக்கொடுப்பது

இதற்குத்தான் அதிக நேரம் தேவை. எதுவும் சொல்லாமல் விட்டால் 'அருமை', 'சூப்பர்', 'வாழ்த்துகள்' என்று 32 வரும். எழுதியவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டே விதி வையுங்கள்: இடுகையிலிருந்து ஒரு சொல்லையோ வரியையோ எடுத்துச் சொல்ல வேண்டும், அதைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றைக் கேட்க வேண்டும். எழுத்துப் பிழை சுட்டுவது வாசகர் வேலை கிடையாது.

எடுத்துக்காட்டாக, முதல் வரைவு இப்படி வரும்:

'எங்கள் ஊரில் ஒரு கண்மாய் உள்ளது. அது மிகவும் அழகாக இருக்கும். மழைக்காலத்தில் நீர் நிரம்பி வழியும். விவசாயிகள் பயன் பெறுகின்றனர். நீர்நிலைகளைக் காப்பது நமது கடமை.'

பிழை ஒன்றுகூட இல்லை. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இது எந்த ஊர்க் கண்மாயும் ஆகலாம். இதற்கு நான்கு வாசகர் இப்படிக் கேட்கலாம்: 'நிரம்பி வழியும்னு எழுதியிருக்க. எந்தப் பக்கமா வழியும்? கரை உடையாதா?' 'விவசாயிகள்னா யாரு முதல்ல தண்ணி பாய்ச்சுவாங்க? சண்டை வராதா?' 'மழைக்காலம் முடிஞ்சு எந்த மாசம் வத்தும்?' 'அழகா இருக்கும்னா, நீ போனா எங்க உக்காருவ?'

எழுதியவருக்குப் பாதி தெரியாது. வீட்டில் தாத்தாவைக் கேட்பார். அடுத்த திங்களன்று வருவது வேறு எழுத்து:

'எங்கள் கண்மாய்க்கு மூன்று மடை. ஐப்பசியில் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்விடும். அதனால் கரை உடையாது. மடையை நினைத்தவர் நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. அதற்கு நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். அறுவடை முடிந்ததும் அவருக்கு நெல் அளப்போம். மாசி கடைசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அப்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். நான் நடு மடைக்கல்லில் உட்காருவேன்.'

கடமை பற்றிய வரி தானாகவே போய்விட்டது. மடை, கலுங்கு, நீர்ப்பாய்ச்சி என்ற மூன்று சொல் வகுப்புக்கு வந்துவிட்டன. வடமாவட்டத்துப் பிள்ளைகள் படித்தால் கண்மாயை ஏரி என்பார்கள். அந்த வேறுபாடும் ஒரு பின்னூட்டமாக வந்து சேரும். பழைய வரைவை அழித்துவிடாதீர்கள். இடுகையின் அடியில் 'முதலில் எழுதியது' என்ற தலைப்பில் அப்படியே இருக்கட்டும்.

பின்னூட்டத்தில் பேச்சுவழக்கை அனுமதியுங்கள். இடுகையிலும் ஒருவர் சொன்னதை மேற்கோளாகத் தரும்போது அவர் சொன்ன வழக்கிலேயே இருக்கலாம். ல-ள-ழ, ர-ற, ந-ண-ன, ஒற்று மிகும் இடம் ஆகியவற்றை வெளியிடும் முன் ஆசிரியர் நோட்டில் குறித்துத் தனியாகக் காட்ட வேண்டும். பொதுவில் திருத்தினால் பிள்ளைக்கு அவமானம் மட்டும்தான் மிஞ்சும். மனம் புண்படுத்தும் பின்னூட்டம் வந்தால் வெளியிடாமல் நிறுத்தி, எழுதியவரை அழைத்து, அதையே கேள்வியாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண்

பத்து மதிப்பெண் என்றால் முதல் வரைவுக்கு இரண்டு, திருத்திய வடிவத்துக்கு நான்கு, எழுதிய பின்னூட்டத்துக்கு நான்கு. பின்னூட்டத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். அதைக் குறைத்தால் வெள்ளிக்கிழமை வகுப்பு விளையாட்டாகிவிடும். இடுகை எண்ணிக்கைக்கு மதிப்பெண் வேண்டாம்.

பாதுகாத்து வைப்பது

மாதக் கடைசியில் அமைப்புகளில் 'காப்புப் பிரதி' எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். அதில் எழுத்தும் பின்னூட்டமும் வரும்; படக் கோப்புகள் வராது, அவற்றைத் தனிக் கோப்புறையில் சேமிக்க வேண்டும். வீட்டில் போனோ டேட்டாவோ இல்லாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக வாரம் எட்டு இடுகையையும் பின்னூட்டத்தோடு அச்செடுத்துப் பலகையில் ஒட்டுங்கள். நான்கு தாள்தான் ஆகும்.

ஆண்டு முடிவில் வலைப்பூவை மூடாதீர்கள். அடுத்த ஜூனில் வரும் புதிய ஒன்பதாம் வகுப்பின் முதல் வேலை, பழைய இடுகைகளில் ஒன்றைத் தேர்ந்து பின்னூட்டம் இடுவதாக இருக்கட்டும்: 'இந்த வருசம் கண்மாய் தை மாசமே வத்திருச்சு. நடு மடைக்கல் உடைஞ்சு கிடக்கு.'